பூச்செண்டும் சரவிளக்கும்

இசை நாடகம் என்று பேச்செடுத்தாலே இலக்கிய நண்பர்கள் பலரது முகத்தில் ஒரு மெல்லிய புன்னகை படர்வதைக் கவனித்திருக்கிறோம். சுற்றுலாப் பயணிகளின் பொழுதுபோக்கைப் பற்றியா நீங்களும் எழுதப் போகிறீர்கள் என்பது அப்புன்னகையின் பொருள். லண்டனுக்குப் போனால் பெக்கெட்டையும் பின்ட்டரையும் தேடிச் சென்று பார்ப்பவர் ரசிகர். வெஸ்ட் எண்ட் வீதிகளில் பளிச்சிடும் விளக்குப் பலகைகளின் கீழே வரிசையில் நிற்பவர் ஏமாளி. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்றாலும், இப்படியொரு வருணாசிரமம் சிற்றிதழ் வாசகர்களிடையே நெடுநாளாக நிலவி வருகிறது. இரண்டு வரிசைகளிலும் கால் கடுக்க நின்றவர்கள் என்ற உரிமையில், இப்பாகுபாட்டுக்கு ஆதாரம் ஏதும் உண்டா என்று பார்க்க விரும்புகிறோம். ஆதாரம் கொஞ்சம் உண்டு. ஆனால் நண்பர்கள் அதைத் தேடும் இடத்தில் அது இல்லை என்பது நமது எண்ணம்.

லண்டன் ஹேமார்க்கெட் வீதியில் ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கு இருக்கிறது. (அரியணையில் அரசி இருந்தால் ஹெர் மெஜஸ்டிஸ், அரசர் இருந்தால் ஹிஸ் மெஜஸ்டிஸ். 2023 முதல் மீண்டும் ஹிஸ்.) ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ என்ற நடிகர் 1897இல் தனக்கென்று கட்டிக்கொண்ட அரங்கு அது. 1914 ஏப்ரலில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ ஆங்கிலத்தில் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வியன்னாவில் அதற்கு முந்தைய ஆண்டே அரங்கேறிவிட்டது. பூ விற்கும் எலைசாவுக்குச் சீமாட்டிகளின் ஆங்கிலத்தைக் கற்றுத் தருகிறார் பேராசிரியர் ஹிக்கின்ஸ். கற்றுத் தேர்ந்தபின் அவள் அவரை விட்டு நிமிர்ந்து வெளியேறுகிறாள். அதுதான் ஷா எழுதிய முடிவு. ஹிக்கின்ஸாக நடித்த ட்ரீக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. திரை விழுவதற்கு முன் போகிற எலைசாவை நோக்கி ஒரு பூச்செண்டை வீசி, இருவருக்கும் காதல் என்று பார்வையாளர்கள் நிம்மதியாக வீடு திரும்பும்படி செய்துவிட்டார். ஷா கொதித்துப்போனார். கோபம் தணியாமல் 1916இல் நாடகத்துக்கு ஒரு பின்னுரையே எழுதி, எலைசா ஃப்ரெடியை மணந்துகொண்டு பூக்கடை வைத்தாள் என்று அடித்துச் சொன்னார். ஒரு பூச்செண்டுக்கு இவ்வளவு பெரிய மறுப்புரை எழுதிய நாடகாசிரியர் வேறு யாரும் உண்டா என்று தெரியவில்லை.

அதே மேடையில் 1986 அக்டோபர் 9 அன்று ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா’ தொடங்கியது. பெருந்தொற்றுக் கால இடைவெளியைக் கழித்துவிட்டால் இன்றுவரை அங்கேயே நடந்துவருகிறது. இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒன்றில் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசான். மற்றொன்றில் முகமூடிக்குப் பின்னிருந்து பாடக் கற்றுக்கொடுக்கும் ஆசான். இருவருமே தாம் உருவாக்கிய பெண் தமக்கே உரியவள் என்று நம்புகிறார்கள். இரு பெண்களும் ஆசானை விட்டு, உலகம் சாதாரணன் என்று கருதும் ஓர் இளைஞனோடு போய்விடுகிறார்கள். முன்னதை இலக்கியம் என்று கற்கிறோம், பின்னதைப் பார்த்தால் புன்னகைக்கிறோம். ஆண்ட்ரூ லாயிட் வெப்பரை ஷாவுக்குச் சமமாக உட்கார வைப்பது நமது நோக்கமன்று. சரவிளக்கு விழும் காட்சிக்காகவே அந்நாடகத்தைப் பார்க்க வருபவர்களும் ஏராளம். ஆயினும் ஒரே மேடைப் பலகைகளின் மீது 72 ஆண்டு இடைவெளியில் ஒரே சிக்கல் இருமுறை வந்து நின்றிருக்கிறது என்றால், ஒருமுறை அது பேசியது, மறுமுறை பாடியது என்பதற்காக மட்டும் தரம் பிரித்துவிட முடியாது.

பாட்டு நாடகத்தை மலினப்படுத்துகிறது என்பது ஷாவின் கருத்தும்கூட என்று சிலர் மேற்கோள் காட்டுவதுண்டு. அவரது ‘ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்’ நாடகத்தைத் தழுவி 1908இல் ‘சாக்லேட் வீரன்’ என்றொரு இசை நாடகம் வியன்னாவில் வெளிவந்து உலகெங்கும் ஓடியது. அதில் நொந்துபோன ஷா, தம் வாழ்நாளில் ‘பிக்மேலியன்’ மீது எந்த இசையமைப்பாளரையும் கைவைக்க விடவில்லை. ஆனால் இது இசை அறியாதவரின் வெறுப்பு அல்ல. கோர்னோ டி பசெட்டோ என்ற புனைபெயரில் பத்திரிகையில் இசை விமரிசனம் எழுதி லண்டனைக் கலக்கியவர் அவர். தமது வசனத்திலேயே இசை இருக்கிறது, மேலே இன்னொரு இசை எதற்கு என்பதுதான் அவரது நிலைப்பாடு என்று தோன்றுகிறது. நியாயமான நிலைப்பாடுதான். அவர் 1950இல் மறைந்தார். 1956 மார்ச்சில் லெர்னரும் லோவும் ‘மை ஃபேர் லேடி’யை நியூயார்க்கில் மேடையேற்றினார்கள். அது 2,717 காட்சிகள் ஓடியது.

இங்கே நண்பர்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். 1914இல் மேடையேறிய ‘பிக்மேலியன்’ நாடகத்தில் எலைசா பேசக் கற்றுக்கொள்ளும் காட்சியே கிடையாது! இரண்டாம் அங்கத்தில் அவள் கொச்சையாகப் பேசியபடி ஹிக்கின்ஸின் வீட்டுக்கு வருகிறாள். மூன்றாம் அங்கத்தில் அவரது தாயாரின் வரவேற்பறையில் அச்சரம் பிசகாத உச்சரிப்போடு நுழைகிறாள். இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்வையாளர்களின் ஊகத்துக்கே ஷா விட்டுவிட்டார். வசன நாடகத்துக்கு அதுவே சரி. மாதக்கணக்கில் ஒருத்தி ஒரே உயிரெழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வதை யார் உட்கார்ந்து பார்ப்பது? இசை நாடகமோ அந்தப் பள்ளத்தில்தான் தன் வீட்டைக் கட்டுகிறது. நள்ளிரவு, மூவரும் களைத்துக் கிடக்கிறார்கள், ஸ்பெயின் நாட்டு மழையைப் பற்றிய அந்த அபத்தமான பயிற்சி வாக்கியத்தை எலைசா முதன்முறையாகப் பிழையின்றிச் சொல்கிறாள். மெல்ல ஒருமுறை, சற்றே உரக்க மறுமுறை, பிறகு எந்த நொடியில் அது பாட்டாயிற்று என்று சொல்ல முடியாதபடி மூவரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு சரியாக அமைந்துவிட்டதால் விளைந்த களிப்பு பேச்சின் கரையை உடைத்துக்கொண்டு போகிறது. ஷா எழுதாமல் விட்ட காட்சியை இசையால் மட்டுமே எழுத முடிந்தது என்றுதான் நாம் சொல்வோம்.

அதே நாடகத்தில் ஹிக்கின்ஸ் பாடுவதில்லை. முதல் ஹிக்கின்ஸான ரெக்ஸ் ஹாரிசனுக்குப் பாட்டு வராது. ஆகவே தாளத்தின் மீது பேசிக்கொண்டே போகும் ஒரு முறையைக் கையாண்டார். குறைபாடாகத் தொடங்கியது பாத்திரத்தின் இயல்பாகவே ஆகிவிட்டது. சொற்களை முழுக்க முழுக்கத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஒரு மனிதன், பாட்டுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க அஞ்சுகிறான். அவள் போய்விட்ட பிறகு, தனியே தெருவில் நடந்தபடி, அவள் முகத்துக்குப் பழகிவிட்டோம் என்று உணரும் இடத்தில்தான் அவன் குரல் மெட்டுக்கு மிக அருகில் வருகிறது. இதை வசனத்தில் எப்படிச் செய்வது? ‘எனக்கு அவள் மீது அன்பு உண்டு’ என்று ஷாவின் ஹிக்கின்ஸ் சொல்லிவிட்டால் அவன் ஹிக்கின்ஸே அல்ல. இவனும் சொல்வதில்லை, குரல் மட்டும் சற்று வளைகிறது.

முடிவில் மட்டும் ‘மை ஃபேர் லேடி’ ட்ரீயின் கட்சி. எலைசா திரும்பி வந்துவிடுகிறாள் (1938இல் வந்த திரைப்படமே இந்த வேலையைச் செய்துவிட்டது). 2018இல் பார்ட்லெட் ஷெர் இயக்கிய மறுதயாரிப்பில் ஒரு சொல்லையும் மாற்றாமல் இதைச் சரிசெய்தார்கள். வந்த எலைசா ஹிக்கின்ஸின் கன்னத்தைத் தொடுகிறாள். பிறகு மேடையை விட்டு இறங்கிப் பார்வையாளர்களின் நடுவே நடந்து வெளியேறுகிறாள். 2022இல் இத்தயாரிப்பு லண்டன் கொலிசியத்துக்கும் வந்தது. ட்ரீ எறிந்த பூச்செண்டை நூறாண்டு கழித்து ஒருவர் திருப்பி எறிந்தது போல இருந்தது. ஷா இருந்திருந்தால் அதிலும் ஏதேனும் குறை கண்டிருப்பார், அது வேறு விஷயம்.

பாட்டு வசனத்தால் ஆகாத எதைச் செய்கிறது என்ற கேள்விக்கு நாம் அறிந்த மிகச் சிறந்த விடை ‘லே மிசராப்ல’ இசை நாடகத்தில் இருக்கிறது. விக்தர் ஹ்யூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலைப் பிரெஞ்சில் ஆலன் பூப்லிலும் குளோட் மிஷெல் ஷோன்பெர்கும் இசை நாடகமாக்கினார்கள். ஆங்கில வடிவம் 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் தொடங்கியது. விமரிசகர்கள் பலர் கைவிரித்தார்கள். கூட்டமோ நிற்கவில்லை. இந்நாடகத்தின் மீது நமக்கும் மனத்தாங்கல்கள் உண்டு. எந்நேரமும் உச்சக்குரல்; எல்லாரும் எப்போதும் விளிம்பிலேயே நிற்கிறார்கள்; ஹ்யூகோ பக்கம் பக்கமாக நின்று நிதானித்த இடங்களெல்லாம் ஓட்டமும் நடையுமாகக் கழிகின்றன. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில், வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிய ஜான் வல்ஜானை ஆயர் மன்னித்து அனுப்புகிறார். அந்த மன்னிப்பைத் தாங்க முடியாமல் வல்ஜான் தனிமையில் குமுறும் பாடல் ஒன்று வருகிறது. பல ஆண்டுகள் கழித்து, தான் துரத்தி வந்த வல்ஜானாலேயே உயிர் காக்கப்பட்ட காவல் அதிகாரி ஜாவேர், ஸென் நதியின் பாலத்தின் மீது நின்று குமுறுகிறான். அவனுக்கு வாய்ப்பது அதே இசை. ஒருவன் மன்னிப்பை ஏற்று வாழப் போகிறான். மற்றவன் ஏற்க முடியாமல் சாகப் போகிறான். இருவரும் ஒரே மனிதன்தான், ஒரு திருப்பத்தில் பிரிந்தவர்கள் என்பதை நாடகத்தில் ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. வாத்தியக் குழு சொல்லிவிடுகிறது. கேட்பவருக்கு அந்த மெட்டு முன்பே தெரியும் என்பதுகூடப் புத்தியில் உறைப்பதில்லை. எதுவோ அடிவயிற்றில் கனக்கிறது, அவ்வளவே. ஹ்யூகோ ஜாவேரின் மனப் போராட்டத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டியிருந்தது. இங்கே சில நிமிடங்களில் முடிகிறது.

ஸ்டீவன் சோண்டைமின் ‘ஸ்வீனி டாட்’ (1979) இன்னும் குரூரமானது. நாவிதன் ஒருவன், தொலைந்துபோன தன் மகளை நினைத்து மிக இனிமையாக, ஏறத்தாழத் தாலாட்டுப் போலப் பாடிக்கொண்டே, நாற்காலியில் வந்து அமரும் வாடிக்கையாளர்களின் கழுத்தை ஒவ்வொன்றாக அறுக்கிறான். இசை ஒருமுறைகூட அதிர்வதில்லை. கொலையை வெறுக்க வேண்டிய நாம் மெட்டில் சொக்கிக் கிடக்கிறோம். பக்கத்து இருக்கைக்காரரும் அப்படித்தான் கிடக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். கிறிஸ்டபர் பாண்ட் எழுதிய வசன நாடகம்தான் இதற்கு மூலம். ஆனால் அழகுக்கும் குற்றத்துக்கும் இடையே பார்வையாளரையே சாட்சியாகவும் கூட்டாளியாகவும் நிறுத்தும் இந்தச் சூழ்ச்சி பாட்டினால் வந்தது. 1980இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்குக்கு வந்தபோது இந்நாடகம் வெகு சீக்கிரம் படுத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ‘மை ஃபேர் லேடி’ ஆண்டுக்கணக்கில் ஓடிய அதே அரங்கு அது. கூட்டம் வந்ததால் மட்டமும் இல்லை, வராததால் உயர்வும் இல்லை என்று இரு பக்கத்து நண்பர்களுக்கும் ஒருசேர நினைவூட்ட இது உதவும்.

‘ஹாமில்டன்’ (2015) பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஒன்று மட்டும். ஒரு திருமண விருந்தில் மணப்பெண்ணின் அக்கா வாழ்த்துச் சொல்ல எழுகிறாள். அடுத்த கணம் மேடை பின்னோக்கிச் சுழன்று, நாம் சற்று முன் பார்த்த சந்திப்பு முழுவதும் அவள் கண்வழியே மீண்டும் நடக்கிறது. தங்கைக்காக அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்பது அப்போதுதான் தெரிகிறது. நனவோடை என்று நாவலில் நாம் கொண்டாடும் அதே வித்தை.

இனி, நமக்கு நெருக்கமான ஒரு தோல்வி. 2002 ஜூன் மாதத்தில் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ தொடங்கியது. லாயிட் வெப்பர் தயாரிப்பு, ஏ.ஆர். ரஹ்மான் இசை, டான் பிளாக் பாடல்கள், மீரா சியால் எழுத்து. ‘முதல்வன்’ படத்தின் ஷக்கலக்க பேபியை வெஸ்ட் எண்ட் மேடையில் கேட்டபோது எந்தத் தமிழனுக்கும் உடல் சிலிர்த்திருக்கும். மேடையில் நீரூற்று பீறிட, நனைந்துகொண்டே ஆடினார்கள். தையா தையா (அங்கே ‘சைய்ய சைய்ய’) வந்தபோது மாடமே எழுந்து நின்றது. லண்டனில் இரண்டு ஆண்டுகள் ஓடியது. நியூயார்க்கில் 2004இல் தொடங்கி எட்டே மாதங்களில் முடிந்தது. தோல்வி என்று நாம் சொல்வது வசூல் கணக்கை வைத்து அல்ல.

நமது திரைப்படப் பாடல் கதையை நிறுத்திவிட்டு நடப்பது. காதலர்கள் அரங்கை விட்டு, ஊரை விட்டு, சில நேரம் நாட்டையே விட்டுப் போய்ப் பாடிவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பும்போது கதை விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அது ஒரு மரபு, அதற்கென்று தனி அழகு உண்டு. மேற்கத்திய இசை நாடகமோ, குறிப்பாக 1943இல் ‘ஓக்லஹோமா!’ வந்த பிறகு, இதற்கு நேரெதிரான நெறியைப் பிடித்துக்கொண்டது. பாட்டு தொடங்கும்போது இருந்த நிலை பாட்டு முடியும்போது இருக்கக் கூடாது. பாட்டுக்குள் ஒருவர் முடிவெடுத்திருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்றை இழந்திருக்க வேண்டும். ‘பாம்பே ட்ரீம்ஸ்’ நாடகத்தில் ஏற்கெனவே படங்களுக்காகப் பிறந்து புகழடைந்த பாடல்கள், கதையின் கொக்கிகளில் மாட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு பாட்டும் உச்சம். அடுத்த வசனக் காட்சி தொடங்கும்போது மீண்டும் தரை. ரஹ்மானிடம் குறை இருந்ததாக நாம் நினைக்கவில்லை. கதையின் தேவையிலிருந்து அவரிடம் பாட்டு கேட்கப்பட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் நமது ஏக்கம். 2006இல் டொராண்டோவிலும் 2007இல் லண்டனிலும் நடந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மேடை வடிவத்துக்கு ஃபின்லாந்தின் வார்ட்டினா குழுவோடு சேர்ந்து அவர் இசையமைத்தார். அங்கே இசை காட்சியின் காற்றாகவே இருந்தது என்றாலும், மேடையின் இயந்திரங்கள் அதை விழுங்கிவிட்டன.

பாட்டுக்காக இவ்வளவு வாதாடிவிட்டு, வசன நாடகத்துக்கு நாம் எதிரிகள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஹிஸ் மெஜஸ்டிஸுக்கு எதிர்ச்சாரியிலேயே தியேட்டர் ராயல் இருக்கிறது. 2009இல் அங்கே இயன் மெக்கெல்லனும் பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நடித்தார்கள். இரு கிழவர்களும் பேச ஒன்றுமில்லாமல் நிற்கும் அந்த நீண்ட மௌனங்களில் அரங்கில் ஒருவர் இருமினால் அவர்மீது கொலைவெறி வந்தது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து மூச்சடக்குவது ஒரு தனி அனுபவம். எந்த இசை நாடகமும் அதைத் தந்ததில்லை, தரவும் முடியாது. இசை நாடகத்துக்கு மௌனம் என்றால் பயம். மைக்கேல் ஃப்ரேனின் ‘கோபன்ஹேகன்’ (1998) மூன்றே பாத்திரங்களைக் கொண்டது. 1941இல் நீல்ஸ் போரை ஹைசன்பெர்க் சந்தித்தது எதற்காக என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதில் ஒரு பாட்டைச் செருகுவதைக் கற்பனை செய்யவே கூசுகிறது. ஆனால் வசனம் என்பதாலேயே ஒன்று கலையாகிவிடாது என்பதற்கு ‘மவுஸ்ட்ராப்’ இருக்கிறது. 1952 நவம்பர் முதல், பெருந்தொற்றின் 14 மாதங்கள் தவிர, ஓடிக்கொண்டே இருக்கிறது. கொலைகாரர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாதாம். நாமும் சொல்லப் போவதில்லை. சொல்ல அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்படியானால் இசை நாடகத்தின் மீது வைக்கக்கூடிய உண்மையான குற்றச்சாட்டு எது? அது பாடுகிறது என்பதல்ல. பாடுபவரின் குரலை நம்மிடம் வரவிடாமல் செய்கிறது என்பதே. இன்று எந்தப் பெரிய அரங்கிலும் ஒவ்வொரு நடிகரின் நெற்றி முடிக்குள்ளும் ஓர் ஒலிவாங்கி ஒளிந்திருக்கிறது. பத்துப் பேர் மேடையில் நின்று பாடினால், மேல் மாடத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு யார் பாடுகிறார்கள் என்று தெரிவதில்லை. (தூணுக்குப் பின்னால் பாதி மேடையை மறைத்த இருக்கையில் அமர்ந்து, வாயசைவைத் தேடியே ஒரு முழு அங்கத்தையும் கழித்த அனுபவம் நமக்கு உண்டு.) உதடு அங்கே அசைகிறது, ஒலி தலைக்கு மேலேயுள்ள பெட்டியிலிருந்து வருகிறது. இரண்டையும் நம் மூளைதான் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாத்தியக் குழுவின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. ‘ஃபேண்டம்’ 1986இல் தொடங்கியபோது மேடைக்குக் கீழேயுள்ள குழியில் 27 கலைஞர்கள் இருந்தார்கள். பெருந்தொற்றுக்குப் பின் 2021 ஜூலையில் மீண்டும் திறந்தபோது 14 பேர். மற்றவர்களின் இடத்தை விசைப்பலகைகள் நிரப்புகின்றன. செலவு தாங்கவில்லை என்பது காரணம்; அதைப் பொய்யென்று சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. நியூயார்க்கில் அதே நாடகம் 13,981 காட்சிகளுக்குப் பிறகு 2023 ஏப்ரலில் நின்றே போனது. ஆனால் அது எதைப் பற்றிய நாடகம் என்பதை எண்ணிப்பாருங்கள். ஓர் ஆப்பரா மாளிகையைப் பற்றியது! தூய இசைக்காகக் கொலையும் செய்யத் துணிந்த ஒருவன் அம்மாளிகையின் நிலவறையில் குடியிருக்கிறான். அவன் கதையை வயலின்களைப் பாதியாக்கிவிட்டு நடத்துகிறார்கள். சரவிளக்கு மட்டும் தவறாமல் விழுகிறது. கதைப்படி, முதலில் விழ வேண்டிய கடிதம் மேலாளரின் மேசையில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

‘லே மிசராப்ல’ கதையும் இதைப் போன்றதே. ஜான் நேப்பியர் அமைத்த பழைய மேடையில் ஒரு பெரும் சுழல் தளம் இருந்தது. தெருத் தடுப்பரணில் போர் முடிந்ததும் அத்தளம் மெல்லச் சுற்றும். அதுவரை நாம் பார்த்திராத மறுபக்கத்தில், சிவப்புக் கொடியின் மீது தலைகீழாகச் சரிந்து கிடக்கும் மாணவர் தலைவனின் உடல் தெரியவரும். சொல்லில்லாமல், பாட்டில்லாமல், ஒரு சுழற்சி. 2019 ஜூலையோடு லண்டனில் அந்த அமைப்பு முடிவுக்கு வந்தது. இப்போது ஹ்யூகோவே தீட்டிய ஓவியங்களை ஒட்டிய பின்னணிக் காட்சிகள் திரையில் நகர்கின்றன. ஓவியங்கள் அழகானவைதாம். ஆயினும் மரமும் இரும்பும் கண்ணெதிரே திரும்புவதற்கும் படம் நகர்வதற்கும் உள்ள வேறுபாட்டை, திரையரங்குக்குப் போகாமல் நாடக அரங்குக்கு ஏன் வந்தோம் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வசன நாடகக்காரர்கள் இதில் கைகழுவிக்கொள்ள முடியாது. 2007இல் தேசிய நாடக அரங்கு தந்த ‘வார் ஹார்ஸ்’ அற்புதமான ஆக்கம். பிரம்பும் துணியும் கொண்டு தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் குழுவினர் செய்த குதிரையை மூன்று பேர் நின்று இயக்குவது கண்ணுக்குத் தெரிந்தும், சில நிமிடங்களில் அவர்கள் மறைந்துபோய்க் குதிரை மட்டும் நின்றது. அதன் மூச்சையும் கனைப்பையும் இயக்குபவர்களே எழுப்பினார்கள். அந்த நாடகத்தில்தான் 2014இல் ஐந்து இசைக் கலைஞர்களை நீக்கிவிட்டு, பதிவுசெய்த இசையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கலைஞர்கள் உயர் நீதிமன்றம் வரை போயும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. குதிரைக்கு மூச்சுவிட மனிதர் வேண்டும், ஊதுகொம்புக்கு வேண்டாம் என்ற தர்க்கம் நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

எண்ணிக்கை குறைவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஜான் டாயில் 2004இல் நியூபரியின் வாட்டர்மில் என்ற சிற்றரங்கில் ‘ஸ்வீனி டாட்’டை இயக்கியபோது வாத்தியக் குழு வைத்துக்கொள்ளப் பணமுமில்லை, இடமுமில்லை. நடிகர்களையே வாசிக்கச் சொன்னார். கொலைகாரன் கிட்டாரோடு நின்றான்; செலோ ஏந்திய மகள் அதை விட்டு நகரவே முடியாமல் சிறைப்பட்டவளைப் போலத் தெரிந்தாள். பின்னர் லண்டன் வெஸ்ட் எண்டுக்கும் 2005இல் நியூயார்க்குக்கும் போன அத்தயாரிப்பில் பேட்டி லுபோன் பெரிய டியூபா ஊதினார். பஞ்சத்தில் பிறந்த அந்த உத்தி எதையும் மறைக்கவில்லை. பத்துப் பேர்தான், பாருங்கள் என்று காட்டியது. பதின்மூன்று பேரைக் கழித்துவிட்டு அனைவரும் இருப்பது போல ஒலிக்கச் செய்வது வேறு வகை.

ஆகவே லண்டன் செல்லும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். புன்னகையை வீட்டில் வைத்துவிட்டு ஓர் இசை நாடகத்துக்கும் செல்லுங்கள். நாடகம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய், முன்வரிசைக் கம்பியின் மீது சாய்ந்து குழிக்குள் எட்டிப் பாருங்கள். எத்தனை பேர் சுருதி கூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சில அரங்குகளில் குழியையே மூடி, கலைஞர்களை வேறோர் அறையில் உட்காரவைத்து, நடத்துநரின் முகத்தைச் சிறு திரையில் காட்டுகிறார்கள். அப்படி ஓர் அரங்கில் மாட்டிக்கொண்டால், அடுத்த மாலைக்குச் சீட்டு வாங்கும்போது வாட்டர்மில் மாதிரியான ஒரு சிற்றரங்கைத் தேடிப் பாருங்கள். லண்டனிலேயே பழைய சாக்லேட் தொழிற்சாலை ஒன்றில் இயங்கும் மெனியர் அரங்கு இருக்கிறது. இருநூறு பேர் அளவே அமரக்கூடிய அங்கே, பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும்.